மழைக்கு முன்பே தளிர்க்கும் மரம்

பெருக்க மரத்தை (ஆங்கிலத்தில் பேயோபாப், baobab) பற்றி எழுதுவோரில் பெரும்பாலானோர் முதலில் சொல்வது, அது தன் பருத்த அடிமரத்தில் ஆயிரக்கணக்கான லீற்றர் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, கோடை முழுவதும் அதைக் குடித்தே உயிர் வாழ்கிறது என்பதைத்தான். அடிமரத்தில் தண்ணீர் இருப்பது உண்மை. வெட்டப்பட்ட ஈரக்கட்டையின் எடையில் முக்கால் பங்கு வரை வெறும் நீராகவே இருக்கும். ஆனால் அந்த நீரைக் கோடையில் நாளுக்கு நாள் செலவழித்து மரம் பிழைக்கிறது என்பது உண்மையன்று. கோடையை அது கடப்பது இலைகளை முழுவதுமாக உதிர்த்துவிட்டு உறங்குவதால்தான். இந்த ஒரு விடயத்தைப் புரிந்துகொள்ளாமல் இம்மரத்தின் கன்றை வளர்க்க முற்படுகிறவர்கள், அக்கறை மிகுதியினாலேயே அதைக் கொன்றுவிடுகிறார்கள் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

நான் வேலை செய்வது தன்சானியாவின் நடுவிலுள்ள டொடோமாவில். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம் இது. டிசம்பரில் தொடங்கும் மழை ஏப்ரலோடு முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினாலும் 600 மில்லிமீற்றரைத் தொடுவது அரிது. மீதி ஏழு மாதமும் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். இந்த நிலத்தின் சொந்தக்காரர்களான கோகோ மக்கள் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள், மாடும் ஆடும் வளர்க்கிறார்கள். அவர்களுடைய வயல்களின் நடுவே, உழவுக்கு இடைஞ்சல் என்று எவரும் வெட்டாமல் விட்ட பெருக்க மரங்கள், சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த வழுவழுப்பான பட்டையோடு நிற்கின்றன. இங்கே அதற்கு ம்புயு என்று பெயர்.

நான் பிறந்தது மன்னாரில் என்பதால் இம்மரம் எனக்குப் புதிதன்று. மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கின் சுற்றளவு 19 மீற்றருக்கும் அதிகம். அது 1477 இல் நடப்பட்டதாக அங்குள்ள அறிவிப்புப் பலகை சொல்கிறது. நெடுந்தீவில் நிற்கும் மரத்தின் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். அரபு வணிகர்கள் தங்கள் ஒட்டகங்களுக்குத் தீவனமாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து நட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இந்தியத் துணைக்கண்டத்து மரங்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவை ஒரே தடவையில் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல, ஆப்பிரிக்காவின் வெவ்வேறு கரைகளிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்தவை என்று கண்டிருக்கிறார்கள். வணிகர்கள் மட்டுமன்றி, அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் மாலுமிகளாகவும் இந்துமாகடலைக் கடந்த ஆப்பிரிக்கர்களும் விதைகளைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது அவர்களுடைய எண்ணம். எனக்கும் அதுவே கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. ஓட்டோடு பல மாதங்கள் கெடாமல் இருக்கும் புளிப்பான பழத்தைவிடக் கடற்பயணத்துக்கு ஏற்ற கட்டுச்சோறு வேறென்ன இருக்க முடியும்?

மன்னாரில் நான் பார்த்தவை எல்லாம் கிழட்டு மரங்கள். ஒரு கன்று எப்படி இருக்கும் என்பதை டொடோமாவுக்கு வந்த பிறகுதான் கண்டேன். இங்கும் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மரத்தின் ஓர் ஆண்டைப் பார்ப்போம். மே மாதத்தில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கி, ஜூன் முடிவதற்குள் கொட்டிவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் கிளைகள் மட்டுமே. கிளைகளின் நுனியில், நீண்ட காம்பில் தொங்கும் காய்கள், கரும்பச்சை மென்மயிர் போர்த்தியபடி காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அக்டோபர், நவம்பரில், வெயில் உச்சத்தில் இருக்கும்போது, ஒரு துளி மழைகூட மண்ணில் விழாத நிலையில், மொட்டைக் கிளைகளில் இலைகள் விரியும். பக்கத்து வீட்டுப் பீபி (இங்கே பாட்டியை அப்படித்தான் அழைக்கிறோம்) இதைக் கவனித்துவிட்டுத்தான் தன் நிலத்தைத் துப்புரவு செய்யத் தொடங்குவார். “மழை வந்தபின் தளிர்க்கிற மரங்களை நம்பினால் விதைப்புக்குப் பிந்திவிடுவோம், மகனே. இது மழைக்கு முன்னே எழும்புகிற மரம்” என்று அவர் எனக்குச் சொன்னார்.

மண்ணில் ஈரமே இல்லாதபோது தளிருக்கு நீர் எங்கிருந்து வருகிறது? அடிமரத்திலிருந்துதான். மடகாஸ்கரின் பெருக்க இனங்களை ஆராய்ந்து சாபோட்டினும் அவருடைய குழுவினரும் 2006 இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டின. மழைக்கு முன் இலைகளை விரிப்பதற்கு மரம் தன் சேமிப்பை எடுத்துச் செலவிடுகிறது. ஆனால் இலை விரிந்த பிறகு, மழை வரும்வரை இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கிறது. அதாவது சேமித்த நீர் இலையைக் கட்டுவதற்கு உதவுகிறதே தவிர, அன்றாடம் ஆவியாக விடுவதற்கு அன்று. இதற்கான காரணத்தையும் அவர்கள் காட்டினார்கள். பெருக்க மரத்தின் கட்டை மிக மென்மையானது. அதில் வைரம் இல்லை. செல்களுக்குள் நிறைந்த நீரின் அழுத்தமே அவ்வளவு பெரிய உடலை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அந்த நீரைக் கண்டபடி செலவழித்தால் மரம் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் சரிந்துவிடும். ஆகவே அந்த நீர் குடிப்பதற்கான கையிருப்பு என்பதைவிட, மரத்தின் எலும்பு என்பதே பொருத்தம்.

இலையில்லாத மாதங்களில் மரம் முற்றாகச் செயலற்றுக் கிடப்பதும் இல்லை. மேற்பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டினால் கீழே பச்சை நிற அடுக்கு தெரியும். இலையின்றியே அந்தப் பச்சை ஓரளவு வெயிலை உணவாக்குகிறது.

இனி விதைக்கு வருகிறேன். பழத்தின் ஓடு மரம்போல் கெட்டியானது. கல்லில் மோதி உடைக்க வேண்டும். உள்ளே ஈரம் என்பதே இராது. பழுக்கும்போதே காய்ந்து, வெண்ணிறக் கட்டிகளாக உறைந்த சதை, சிவந்த நார்களுக்கிடையே அடைந்திருக்கும். ஒரு கட்டியை வாயில் போட்டால் முதலில் மாவாகக் கரையும், பின்பு நாக்கின் இரு பக்கமும் புளிப்பு ஏறும், கடைசியில் வழுவழுப்பான விதை ஒன்று மிஞ்சும். சிறுநீரக வடிவில், கரும்பழுப்பு நிறத்தில், கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் அந்த விதையை அப்படியே மண்ணில் போட்டால், ஆண்டுகள் கழிந்தும் முளைக்காமல் கிடக்கக்கூடும். அதன் மேலுறைக்குள் தண்ணீர் புகாது. காட்டில் யானையும் பபூன் குரங்கும் பழத்தைத் தின்று, அவற்றின் பல்லும் வயிற்று அமிலமும் அந்த உறையைத் தேய்த்த பிறகு, சாணத்தோடு விதை வெளியே வருகிறது.

நம்மிடம் யானை இல்லாததால் அரத்தைப் பயன்படுத்த வேண்டும். விதையின் குழிந்த பக்கத்தில் முளைக்கண் இருக்கும். அதைத் தொடாமல், எதிரேயுள்ள குவிந்த முதுகை அரத்தால் மெல்லத் தேய்க்க வேண்டும். கரும்பழுப்பு போய் வெள்ளை தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தேய்த்தால் பருப்பு காயப்பட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு ஒரு முழு நாள் வெதுவெதுப்பான நீரில் ஊற விட்டால், சரியாகத் தேய்க்கப்பட்ட விதை இரு மடங்காகப் பருத்துவிடும். பருக்காதவற்றை மறுபடியும் தேய்த்து ஊறவைக்கலாம். கொதிநீர் ஊற்றி ஆறவிடுகிற முறையும் உண்டு. அது நூற்றுக்கணக்கில் விதைப்பவர்களுக்கு வசதி. பத்துப் பன்னிரண்டு விதை போடுகிறவர்களுக்கு அரமே சிறந்தது என்பது என் கருத்து.

மண்கலவையில் பாதிக்குமேல் ஆற்றுமணல் இருக்க வேண்டும். மக்கிய ஆட்டெரு சிறிது போதும். ஊற்றிய நீர் உடனே அடியால் வடிய வேண்டும். பாத்திரத்தின் அகலத்தைவிட ஆழமே முக்கியம். முளைத்த சில வாரங்களிலேயே ஆணிவேர் நேராக இறங்கி, கிழங்குபோல் பருக்கத் தொடங்கும் என்பதால், பூத்தொட்டியைவிட, அடியில் துளையிட்ட ஐந்து லீற்றர் தண்ணீர்க் கொள்கலன் பொருந்தும். விதையை இரண்டு சென்றிமீற்றர் ஆழத்தில் ஊன்றி, நல்ல வெயிலில் வைத்தால், ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தடித்த தண்டு வளைந்து எழும்பி, இரண்டு அகன்ற வித்திலைகளை விரிக்கும். அடுத்து வருபவை பெருக்க மரத்தின் இலைகள்தானா என்று ஐயம் எழும்படி, ஒற்றை இலைகளாக இருக்கும். ஐந்தும் ஏழுமாக விரல்கள் பிரிந்த இலை பின்னர்தான் வரும். இலை இருக்கும் இந்தக் காலத்தில் கன்றுக்குத் தாராளமாகத் தண்ணீர் விடலாம். மேல்மண் காயக் காய ஊற்றலாம். வறட்சியைத் தாங்கும் மரம் என்பதால் கன்றையும் காயப்போட்டே பழக்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. முதல் மழைக்காலத்தில் எவ்வளவு பெரிய கிழங்கைக் கட்டிக்கொள்கிறதோ அந்த அளவுக்கே முதல் கோடையைத் தாண்டும் வலு அதற்குக் கிடைக்கும்.

சோதனை அந்த முதல் கோடையில்தான். இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, ஒரு சாண் உயரக் குச்சி மட்டும் தொட்டியில் நிற்கும். அதைக் காணப் பொறுக்காமல் தண்ணீர் ஊற்றத் தொடங்குவது மனித இயல்பு. ஆவியாக விடுவதற்கு இலை இல்லை. உறிஞ்சுவதற்கு வேர் விழித்திருக்கவும் இல்லை. ஊற்றிய நீர் மண்ணிலேயே தேங்கி நிற்க, கிழங்கு அழுகிவிடும். மன்னாரில் என் சித்தி பள்ளிமுனைப் பழத்திலிருந்து ஒரு கன்றை முளைக்கவைத்து வளர்க்கிறார். இலை கொட்டிய காலத்தில் ஒரு நாள் தொலைபேசியில் மிகுந்த கவலையோடு பேசினார்.

“தம்பி, உது பட்டுப்போச்சுப் போலக் கிடக்கு. காலமையும் பின்னேரமும் தண்ணி ஊத்திப் பாக்கிறன், ஒரு தளிரையும் காணேல்லை.”

“தண்ணியை இண்டையோடை நிப்பாட்டுங்கோ சித்தி. அடித்தண்டை ரெண்டு விரலாலை அமத்திப் பாருங்கோ. கல்லு மாதிரி இருக்கோ, மெத்தெண்டு இருக்கோ?”

“கல்லாத்தான் கிடக்கு.”

கல்லாக இருந்தால் உயிர் இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால் கிழங்கு அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். நகத்தால் சுரண்டிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பதைவிட, விரலால் அமுக்கிப் பார்க்கும் இந்த முறை நம்பகமானது. மேலே பச்சை இருக்கும்போதே கீழே அழுகல் ஏறிக்கொண்டிருக்கக்கூடும். சித்தியின் கன்று அதற்குப் பின் தானாகவே தளிர்த்தது. தொட்டியில் வளர்ப்பவர்கள் இலையற்ற மாதங்களில் கொள்கலனைக் கூரையின்கீழ் ஒதுக்கி வைத்துவிடலாம். தளிர்முனை பச்சையாகப் பருக்கத் தொடங்கியதும் வெளியே எடுத்து, சிறிது சிறிதாக நீரைக் கூட்டினால் போதும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மழைக்காலம் வேறு மாதங்களில் வருகிறது. எனவே நாட்காட்டியைப் பார்க்காமல் இலையைப் பார்த்து நீர் விடுவதே எங்கும் பொருந்தும் வழி. நோய் என்று பெரிதாக எதுவும் இல்லை. மாவுப்பூச்சி வந்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவி விடலாம்.

நிலத்தில் நடுவதற்கு ஏற்ற வேளையும் இந்த உறக்கத்தின் இறுதிதான். மழைக்குச் சில வாரங்கள் முன்பு, இலை வருவதற்குள், கிழங்கில் கீறல் விழாமல் எடுத்து நட வேண்டும். வேர்கள் பக்கவாட்டில் மிகத் தூரம் ஓடுபவை என்பதாலும், அடிமரம் எவ்வளவு பருக்கும் என்று நமக்குத் தெரியும் என்பதாலும், வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் பத்து மீற்றருக்குக் குறையாமல் தள்ளி நடுவது நல்லது.

நட்ட பிறகு வறட்சி அதற்கு எதிரியன்று. எதிரி ஆடு. பெருக்க இலை சாப்பிட உகந்தது, மென்மையானது, முள்ளோ கசப்போ அற்றது. ஆடும் மாடும் கண்டால் விடுவதில்லை. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பெரிய மரங்கள் பெருமையோடு நிற்க, அவற்றைச் சுற்றி ஒரு கன்றுகூட இல்லாதிருப்பதன் முதற்காரணம் மேய்ச்சல். நூற்றாண்டுகளுக்கு முன், ஏதோ சில நல்ல மழை ஆண்டுகளில், மந்தைகள் குறைவாக இருந்த இடைவெளியில் தப்பி வளர்ந்தவையே இன்றைய முதிய மரங்கள். கன்றுகள் இல்லாததைப் பார்ப்பவர்கள் கவனிப்பதும் இல்லை. ஒற்றை இலையோடு நிற்கும் கன்று எந்த மரத்தினுடையது என்று பெரும்பாலானோருக்குத் தெரியாது. களை என்று பிடுங்கியும் விடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் சூழலியலாளர் சாரா வென்டர் இதற்கு ஒரு வழி கண்டார். கிராமத்துப் பெண்கள் கன்றை முளைக்கவைத்துத் தங்கள் வளவிலேயே நட்டு வேலியிட்டுக் காக்கிறார்கள். கன்று வளர வளர அவர்களுக்குப் பணம் தரப்படுகிறது. நடுவதற்கு அன்றி வளர்த்தெடுப்பதற்குக் கூலி என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. மரம் நடும் விழாக்களில் நட்ட நாளோடு கதை முடிந்துவிடுகிறது. இந்த மரத்துக்கோ முதல் ஏழெட்டு ஆண்டுகளே எல்லாம்.

டொடோமாவில் வேலிக்குக் கொம்புக்கள்ளியை நெருக்கமாக ஊன்றுகிறார்கள். அதன் பாலுக்குப் பயந்து ஆடு கிட்ட வராது. கள்ளி வேரூன்றும்வரை முள்ளுக்கிளைகளை வெட்டிச் சுற்றி அடுக்க வேண்டும். என் கன்றுக்குப் பீபியும் அவருடைய பேரனும் அப்படித்தான் வேலி கட்டித் தந்தார்கள். மன்னாரில் கட்டாக்காலிக் கழுதைகளும் இருப்பதால், கருக்குமட்டை வேலிக்கு உள்ளே உடைமுள்ளையும் வைக்கும்படி சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு வளர்ப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இம்மரத்தின் பயனைச் சொல்லத் தொடங்கினால் முடிவிராது. மாலியிலும் புர்கினா பாசோவிலும் பெருக்கங்கன்றுகளைக் கீரைப்பாத்திபோல் நெருக்கமாக விதைத்து, மரமாக விடாமல் கிள்ளிக் கிள்ளி இலை எடுக்கிறார்கள். நைஜீரியாவின் ஹௌசா மக்கள் காய்ந்த இலைத்தூளில் செய்யும் கொழகொழப்பான குழம்பு மியான் கூக்கா. செனகலில் பழச்சதையைக் கரைத்துச் செய்யும் பானத்துக்குப் பூய் என்று பெயர். இங்கே சதையோடு கூடிய விதைகளைச் சீனிப்பாகில் புரட்டிச் சிவப்புச் சாயமூட்டி, உபுயு என்று சிறு பொட்டலங்களில் விற்கிறார்கள்; பள்ளிப் பிள்ளைகளின் நாக்கெல்லாம் சிவந்திருக்கும். ஏயாசி ஏரிப்பக்கம் வாழும் ஹட்சா மக்களுக்குத் தேனோடும் கிழங்கோடும் இது அடிப்படை உணவு. பொந்துகளில் இருக்கும் தேனை எடுக்க, மரத்தில் முளைகளை அடித்து ஏணிபோல் ஏறுகிறார்கள். பட்டையை உரித்துக் கயிறு திரித்தாலும் மரம் சாவதில்லை, உரித்த இடத்தில் புதுப்பட்டை வளர்கிறது. சுடானின் கோர்டோபானில் அடிமரத்தைக் குடைந்து, மழைநீரை வாளிகளால் இறைத்து உள்ளே நிரப்பி, கோடைக்குத் தொட்டியாகப் பயன்படுத்தி வந்தார்கள். மரம் தனக்காகச் சேர்க்காத குடிநீரை மனிதர்கள் அதற்குள் சேர்த்துவைத்தார்கள்.

இவ்வளவு உறுதியான மரத்துக்கும் இப்போது ஒரு கேடு வந்திருக்கிறது. 1749 இல் செனகலுக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் மிஷேல் அடன்சன், சில மரங்களுக்கு வயது ஐயாயிரத்துக்கும் மேல் என்று கணித்தார். அது மிகை. அட்ரியன் பட்ருட் தலைமையிலான குழு ரேடியோகார்பன் முறையில் அளந்தபோது, மிக முதியதாகக் கண்டது சிம்பாப்வேயின் பாங்கே மரத்தை. அதன் வயது ஏறக்குறைய 2,450. அது 2010, 2011 ஆம் ஆண்டுகளில் விழுந்து மடிந்தது. மிக முதிய 13 மரங்களில் 9, முந்தைய பன்னிரண்டே ஆண்டுகளில் முழுவதுமாகவோ பகுதியாகவோ மடிந்துவிட்டன என்று அதே குழு 2018 இல் அறிவித்தது. பருவநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் ஐயுறுகிறார்கள், நோய்க்கான தடயம் எதையும் காணவில்லை. ஆயிரம் ஆண்டு மரத்தைக் காப்பாற்ற நம்மிடம் வழி இல்லை. அதன் இடத்துக்கு ஒரு கன்றைக் கொண்டுவரும் வழி மட்டுமே இருக்கிறது. இன்று ஊன்றப்படும் விதை பூப்பதற்கே எட்டு முதல் இருபத்துமூன்று ஆண்டுகள் வரை ஆகும். ஒட்டுக்கட்டிய கன்றுகள் சில ஆண்டுகளிலேயே காய்த்துவிடும் என்பதால், பழத்துக்காக நடுபவர்கள் நன்றாகக் காய்க்கும் மரத்திலிருந்து குச்சியெடுத்து ஒட்டலாம். விதைக்கன்றாக வளர்ப்பதில், எக்காலமும் காய்க்காத மரமாகிவிடும் வாய்ப்பும் உண்டு. அத்தகைய மரங்களை ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் ஆண்மரம் என்கிறார்கள், பூவில் ஆண், பெண் வேறுபாடு எதுவும் இல்லாதபோதும்.

பூ வந்தால், அது மாலை மங்கும் வேளையில் விரியும். தலைகீழாகத் தொங்கும் வெண்ணிறப் பூ, கையகலம் இருக்கும்; பழந்தின்னி வௌவால்கள் அதைத் தேடி வரும்; மறுநாளே அது பழுப்பாகி விழுந்துவிடும். என் கன்றில் அதைப் பார்க்க நான் இங்கே இருக்கமாட்டேன். வேலை ஒப்பந்தம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். அதனால் அதைப் பீபியின் நிலத்து எல்லையில், அவருடைய பேரன் ஆடு ஓட்டிச் செல்லும் பாதைக்கு அப்பால் நட்டிருக்கிறோம். இப்போது என் தோளுயரம் வந்துவிட்டது. அடித்தண்டு மணிக்கட்டைவிடத் தடித்திருக்கிறது, ஆனால் நுனித்தளிர் இன்னும் ஆட்டின் வாய்க்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. அது எட்டாத உயரத்துக்குப் போகும்வரை, ஒவ்வொரு ஜூன் மாதமும் இலை உதிர்ந்ததும் பழைய முள்ளை எடுத்துவிட்டுப் புதிய முள்ளை அடுக்குவது என்றும், அந்த மாதங்களில் ஒருவரும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்றும் அந்தப் பையனோடு பேசி முடித்திருக்கிறேன்.